இரண்டு ரூபாய் விண்ணப்பம்

முள்ளுக்குறிச்சியில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பேர்தான் ஜெராக்ஸ் கடை. பிழைப்பு ஓடுவது மற்ற வேலைகளில்: சிட்டா எடுப்பது, கரண்ட் பில் கட்டுவது, வருமானச் சான்றுக்கு விண்ணப்பிப்பது, டி.என்.பி.எஸ்.சி. ஹால் டிக்கெட் எடுத்துக் கொடுப்பது. மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் கல்லூரி விண்ணப்பம். அந்த இரண்டு மூன்று வாரம் கடையில் உட்கார இடம் இருக்காது.

கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியாக எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போவதுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த பாதை. எங்கள் ஊர் வழியாக இன்னொன்று இருக்கிறது. மலையிலிருந்து மரவள்ளியும் அன்னாசியும் மிளகும் இறங்குகிற மாதிரி பிள்ளைகளும் இறங்குவார்கள். பழங்குடியினர் நலத் துறையின் உண்டு உறைவிட மேல்நிலைப் பள்ளி இங்கே இருக்கிறது. வாரக் கடைசியில் பெட்டியோடு பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். நான் மலைக்காரன் இல்லை. அடிவாரத்து ஆள். அப்பா மண்டியில் மூட்டை தூக்கினார்.

நான் பொருளாதாரத்தில் எம்.ஏ. தினமும் பஸ்ஸில் போய் வந்து, ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ் வழியில் படித்தது. இதைக் கடைப் பலகையில் போடவில்லை. பேனர் அடித்த தம்பி, "அண்ணா, பேருக்குப் பின்னால டிகிரி போட்டுருவோமா?" என்று கேட்டபோது வேண்டாம் என்றுவிட்டேன். எம்.ஏ. படித்தவன் ஜெராக்ஸ் போடுகிறான் என்ற பேச்சு ஏற்கெனவே ஊரில் இருந்தது. அதற்குப் பலகை வேறு எதற்கு?

என் கூடப் பத்தாவது வரை படித்த ஒருவன், பரீட்சை முடிந்த கையோடு திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஏறினான். எங்கள் பக்கத்தில் போர்வெல் லாரியை அப்படித்தான் சொல்வோம். ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று வருஷத்தில் பாதி வெளியூர். நான் எம்.ஏ. முடித்து வந்தபோது அவன் தங்கச்சிக்குக் கல்யாணம் செய்து முடித்திருந்தான். நான் குரூப் 4க்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். பத்தாவது பாஸ் போதும் என்கிற பரீட்சை அது. அதற்கு எம்.ஏ.வும் எம்.ஃபில்லும் வரிசையில் நிற்கும். 2024இல் அந்தப் பரீட்சைக்கு முதலில் அறிவித்த இடம் 6,244. விண்ணப்பம் போட்டவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். என் காலத்திலும் நெரிசல் இதே மாதிரிதான்.

அதே 2024இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை ஒரு கணக்குச் சொன்னது. பட்டம் பெற்ற இளைஞர்களில் வேலையில்லாதவர்கள் 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் 3.4 சதவீதம். பேப்பரில் வந்ததை வெட்டி எடுத்துக் கடையில் ஒட்டவில்லை. விண்ணப்பம் போட வரும் பிள்ளை அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டால்?

ஒட்டியிருந்தாலும் அதற்குக் கீழே ஒரு வரி எழுதவேண்டியிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு வேலையில்லாமல் இருக்க வசதி கிடையாது. காலையில் எந்த வேலை கிடைக்கிறதோ அதற்குப் போய்விடுவான். கணக்கில் அவன் வேலை உள்ளவன். எங்கள் அப்பா ஒருநாளும் வேலையில்லாதவராக இருந்ததில்லை. முதுகு போகும்வரை மூட்டை தூக்கினார்.

உயர்கல்வி ஏழை பணக்காரன் இடைவெளியைக் குறைக்குமா என்று எம்.ஏ.வில் ஒரு கேள்வி வரும். சம்பளம், மனித மூலதனம், கல்விக்குச் செய்த முதலீட்டின் வருவாய் என்று நான்கு பக்கம் எழுதினால் மார்க் போடுவார்கள். அந்த நான்கு பக்கத்துக்கு என் வாழ்க்கையில் ஆதாரம் கிடையாது. ரிக் வண்டிக்காரன் சம்பாதித்ததை நான் சம்பாதிக்கவில்லை. ஆனால் படிப்பு எங்கள் வீட்டுக்குப் பணம் கொண்டுவரவில்லை என்றும் சொல்ல மாட்டேன். அது வேறு வாசல் வழியாக வந்தது.

நான் பி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கும்போது அப்பாவுக்கு ஒருவரிடம் கடன். நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி, மாதத்துக்கு. அப்பா அசலிலும் அவ்வப்போது கொஞ்சம் கொடுத்து வந்தார். கொடுத்ததை ஒரு சின்ன நோட்டில் என்னை எழுதச் சொல்லுவார். கூட்டிப் பார்த்தபோது தெரிந்தது: அசல் குறைந்துகொண்டே வந்தும் வட்டி முதலில் வாங்கிய மொத்தத் தொகைக்கே போய்க்கொண்டிருந்தது. நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். கடன் கொடுத்தவர் என்னைப் பார்க்கவில்லை. "பையன் காலேஜா?" என்று அப்பாவைக் கேட்டார். அப்புறம் கொஞ்சநேரம் கழித்து, மிச்சத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ளச் சொன்னார். மிச்சம் என்று அவர் சொன்ன தொகை, நாங்கள் பயந்திருந்ததில் பாதிகூட இல்லை.

அந்தக் கணக்குப் போட எட்டாவது படிப்பு போதும் என்பீர்கள். கணக்குக்குப் போதும். அதைக் கொண்டுபோய் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து காட்டுவதற்குப் போதாது. எங்கள் ஊரில் எட்டாவது படித்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். யாரும் நோட்டை எடுத்துக்கொண்டு போனதில்லை. கல்லூரியில் எனக்குப் பாடம் எவ்வளவு ஏறியது என்பது வேறு விஷயம். பெரிய ஆளைக் கேள்வி கேட்டால் வானம் இடிந்து விழாது என்பது மட்டும் ஏறியிருந்தது.

மலைப் பிள்ளைகளின் விஷயத்துக்கு வருகிறேன். கொல்லிமலையில் இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் ஏறக்குறைய 7.95 லட்சம், அதில் மூன்றரை லட்சத்துக்கு மேல் இவர்கள்தான். சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, ஜவ்வாது என்று பல மலைகளில் இருக்கிறார்கள். 1990இல்தான் பழங்குடியினருக்கு 1 சதவீத இட ஒதுக்கீடு தனியாகக் கிடைத்தது. அதற்கு முன் பட்டியல் சாதியினரோடு சேர்த்து 18 சதவீதம். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையிலும் மலையாளிகள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேராதவர்கள். பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் பழைய மாவட்டங்களில் அவர்கள் மாவட்டம் இல்லை. அவ்வளவுதான் காரணம். பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அரசுக் கலை அறிவியல் கல்லூரிக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க மற்றவர்களுக்கு 48 ரூபாய் விண்ணப்பக் கட்டணம், 2 ரூபாய் பதிவுக் கட்டணம். பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகளுக்கு வெறும் 2 ரூபாய். டீயைவிடச் சல்லிசு. கல்லூரியில் சேர்ந்த பிறகும் கட்டணம் பெரிதாக இல்லை. பெற்றோர் வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2022 செப்டம்பரிலிருந்து. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டிலிருந்து. இதையெல்லாம் மேடையில் சொன்னால் ஏழைப் பிள்ளைக்குக் கல்லூரிக் கதவு அகலத் திறந்திருப்பது போலத்தான் இருக்கும். பொய்யும் இல்லை. 2021-22 கணக்கில் கல்லூரி போகும் வயதில் உள்ளவர்களுக்குச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம். நாடு முழுவதற்கும் 28.4தான்.

என் கடையில் உட்கார்ந்து பார்த்தால் அந்த இரண்டு ரூபாய்க்கு முன்னால் இருக்கிற வேலை தெரியும்.

பழங்குடியினர் சாதிச் சான்றை 1989 நவம்பரிலிருந்து தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தரவேண்டும். போலிச் சான்று வைத்து இடம் பிடித்தவர்களால் வந்த கெடுபிடி. 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் விசாரணைக் குழுக்கள் வேண்டும் என்று சொன்ன பிறகு இன்னும் இறுகியது. தேவையான கெடுபிடிதான். ஆனால் அதன் பாரம் போலிக்காரன்மேல் விழவில்லை. அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாத வீட்டின்மேல் விழுந்தது. அப்பாவுக்குச் சான்று இருந்தால் பிள்ளைக்குச் சீக்கிரம் வரும். அப்பா பள்ளிக்கூடமே போகாதவர் என்றால் அவருக்கு எதற்குச் சான்று எடுத்திருப்பார்கள்? விசாரணை, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., உறவினர் சான்று என்று நடக்கவேண்டும். ஒரு நடை என்பது ஒரு நாள் கூலி. அப்பா கூட வந்தால் இரண்டு கூலி. மலையிலிருந்து வருவதால் பஸ் ஒன்றைத் தவறவிட்டால் மறுநாளும் போச்சு.

அப்புறம் ஓ.டி.பி. இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். வீட்டில் ஒரு போன்தான் இருக்கும். ஆதாரில் இருப்பது அந்த நம்பர். அது அப்பாவோடு குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருக்கும். பிள்ளை என் கடையில் உட்கார்ந்திருக்கும். தோட்டத்தில் சிக்னல் சாயந்திரம்தான். நான் எண்ணை அனுப்பச் சொல்லி அழுத்துவேன். பத்து நிமிஷத்தில் காலாவதியாகிவிடும். இருட்டும் நேரத்தில் அப்பா லைனில் வந்து, கூட வேலை செய்கிற யாரையோ கூப்பிட்டு ஆறு எண்ணையும் படிக்கச் சொல்லுவார். மலைக்குக் கடைசி பஸ் அதற்குள் போயிருக்கும். அந்தப் பிள்ளை அன்றைக்கு எங்கள் வீட்டில் படுத்துக்கொள்ளும். என் மனைவி இப்போதெல்லாம் மே மாதத்தில் கூடுதலாக உலை வைக்கிறாள்.

இன்னொரு கூட்டமும் மே மாதத்தில் வரும். தனியார் கல்லூரிகளுக்கு ஆள் பிடிப்பவர்கள். வேனில் மலைக்கே போய்விடுவார்கள். "ஸ்காலர்ஷிப் இருக்குது, ஒரு பைசா கட்ட வேணாம், ஹாஸ்டல் ஃப்ரீ." பிள்ளை சேர்ந்துவிடும். உதவித்தொகை சொன்ன நேரத்துக்கு வராது. பணம் கட்டு என்பார்கள். நின்றுவிடுகிறேன் என்றால் ஒரிஜினல் சர்டிபிகேட்டைத் தரமாட்டார்கள். அப்படி மாட்டிய ஒரு பையன் இரண்டு வருஷம் கழித்து என்னிடம் வந்தான், மார்க் ஷீட்டுக்கு டூப்ளிகேட் எடுக்க முடியுமா என்று கேட்டு. அவன் படித்தது கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங். அப்போது கோழிப் பண்ணையில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்தான்.

ராஜ் செட்டி என்று ஒரு பொருளாதார அறிஞர், ஹார்வர்டில் இருப்பவர், தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. அவரும் கூட இருந்தவர்களும் 2017இல் அமெரிக்கக் கல்லூரிகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 38 கல்லூரிகளில், கீழ்மட்ட 60 சதவீதக் குடும்பங்களிலிருந்து வந்த பிள்ளைகளைவிட உச்சியில் உள்ள 1 சதவீதக் குடும்பங்களின் பிள்ளைகள்தான் அதிகமாம். யேல், பிரின்ஸ்டன் எல்லாம் அந்த வரிசையில். அடிமட்ட வீட்டுப் பிள்ளைகளை அதிகமாக மேலே ஏற்றிவிட்டதில் முதலில் நின்றது லாஸ் ஏஞ்சலீஸில் இருக்கும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம். பெரிய பேர் இல்லாத, உள்ளூர்ப் பிள்ளைகள் படிக்கிற அரசுக் கல்லூரி. படித்தபோது எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது. நம் ஊரில் ஐ.ஐ.டி.யில் ஒரு மலைப் பிள்ளைக்கு இடம் கிடைத்தால் செய்தி. கிடைக்கட்டும். ஆனால் பஸ் பாஸ் வைத்துப் போய் வரும் தூரத்தில் இருக்கிற அரசுக் கலைக் கல்லூரியில் வருஷா வருஷம் சேருகிற பிள்ளைகளைப் பற்றி யாரும் போட்டோ போடுவதில்லை.

அப்படிச் சேர்ந்த ஒரு பெண். அவளுக்கு விண்ணப்பம் போட்டது நான்தான். அவள் எடுத்தது வேதியியல். வீட்டில் மரவள்ளி போடுவார்கள், கொஞ்சம் மிளகுக் கொடி உண்டு. மரவள்ளியை அடிவாரத்து ஜவ்வரிசி ஆலைக்குக் கொண்டுவருவார்கள். அதன் விலை வெறும் எடையில் இல்லை, பாயிண்டில். கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்பதுதான் பாயிண்ட். லோடு எடைமேடை ஏறி இறங்கியதும் கொஞ்சம் கிழங்கை எடுத்துக் கூடையில் போட்டு நிறுத்துவார்கள். பிறகு அதே கூடையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி மறுபடி நிறுத்துவார்கள். மாவு அதிகமுள்ள கிழங்கு அடர்த்தியாக இருக்கும். தண்ணீருக்குள் குறைவாகத்தான் எடை இழக்கும். முள் எங்கே நிற்கிறதோ அதுதான் பாயிண்ட். ஒவ்வொரு பாயிண்டுக்கும் இவ்வளவு ரூபாய். அவள் அப்பா பத்துப் பதினைந்து வருஷமாக லோடு கொண்டுவருகிறார். கூடை தொட்டிக்குள் போகும்போது அவர் பக்கத்தில் நின்றதே இல்லை. டீக்கடையில் உட்கார்ந்திருப்பார், யாராவது வந்து நம்பரைச் சொல்லுவார்கள்.

இரண்டாம் வருஷ விடுமுறையில் இவள் கூட வந்திருக்கிறாள். தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறாள். ஒப்படர்த்திச் சோதனையை லேபில் செய்தவள் அல்லவா, பார்த்ததும் பிடிபட்டுவிட்டது. சாம்பிளுக்கு எடுத்தது எல்லாம் மேலாக இருந்த சின்னக் கிழங்கு, வேர்ப்பக்கம் மண்ணோடு. "ஏங்கண்ணா, லோடுக்கு நடுவுல இருந்தும் எடுங்க. மண்ணைத் தட்டிட்டுப் போடுங்க" என்றிருக்கிறாள். எடுக்கமாட்டேன் என்று சொல்ல சாம்பிள் எடுப்பவனுக்குக் காரணம் இல்லை. எடுத்துப் போட்டால் இரண்டு பாயிண்ட் கூட. அந்த ஒரு லோடில் கூடுதலாகக் கிடைத்தது அவளுடைய ஒரு மாதப் புதுமைப் பெண் பணத்தைவிட அதிகம். இதை என்னிடம் சொன்னது அவள் இல்லை. அவள் அப்பா, சிரித்துக்கொண்டே, பாதி நம்பாத மாதிரி.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். அடுத்த லோடு கொண்டுபோனபோது, "வேற ஆலைக்குப் போங்க, இங்க இடமில்ல" என்று சொல்லிவிட்டார்கள். வேறு ஆலைக்குப் போனார்கள். அங்கே போக வண்டி வாடகை கூட. மிளகிலோ ஒன்றும் செய்ய முடியவில்லை. காய் பழுக்கும் முன்பே கொடிக்கு விலை பேசி, வியாபாரி முன்பணம் கொடுத்திருந்தார். அந்தப் பணம் அவள் அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போயிருந்தது. கொச்சியில் மிளகு என்ன விலை என்று அவளுக்குப் போனில் தெரியும். தெரிந்து என்ன? வாங்கிய பணத்துக்குக் கொடி கட்டுப்பட்டிருந்தது. கேள்வி கேட்கும் தைரியத்தைக் கல்லூரி தரும். கேட்டுவிட்டு எழுந்து போகிற வசதியைத் தராது. அதற்குக் கூட்டுறவுச் சங்கத்தில் நேரத்துக்குக் கடன் வேண்டும், ஊரில் ஓர் ஆஸ்பத்திரி வேண்டும். பட்டப் படிப்பு மட்டும் சமத்துவம் கொண்டுவந்துவிடும் என்று யாராவது சொன்னால் அந்த மிளகுக் கொடியைக் காட்டுவேன். படித்து என்ன கிழித்தார்கள் என்று கேட்டால் தண்ணீர்த் தொட்டியைக் காட்டுவேன்.

என்னையும் இப்படித்தான் பார்த்துக்கொள்கிறேன். குரூப் 4இல் நான் தேறவில்லை. ஆனால் எங்கள் தெருவில் நகைக்கடன் நோட்டீஸ் வந்தால் என்னிடம் வரும். பயிர்க் காப்பீட்டுப் படிவம் வரும். நூறு நாள் வேலைக் கூலி வராவிட்டால் எந்தக் கணக்குக்குப் போயிருக்கிறது என்று தேடிக் கொடுப்பேன். பெரும்பாலும் பழைய, மூடிப்போன கணக்கு ஒன்றோடு ஆதார் ஒட்டிக்கொண்டிருக்கும். சான்றிதழ் விண்ணப்பத்துக்கு 60 ரூபாய் வாங்குகிறேன். இந்த மாதிரிக் காரியத்துக்கு வாங்குவதில்லை. என் படிப்பின் வருவாய் என் பையில் விழவில்லை, தெருவில் சிதறிக் கிடக்கிறது. பொருளாதாரத்தில் அதற்குப் புறவிளைவு என்று ஒரு பெயர் உண்டு. பரீட்சையில் அதற்கு இரண்டு மார்க்தான் கேட்பார்கள்.

அந்தப் பெண் இப்போது பி.எட். படிக்கிறாள். போன மே மாதம் தம்பியைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். அவன் பிளஸ் டூ தேறிவிட்டான், கணக்கில் மார்க் பரவாயில்லை. ஆனால் மனசு ரிக் வண்டியில் இருந்தது. தெரிந்தவர் ஒருவர் சத்தீஸ்கர் போகிறாராம், ஆள் கேட்கிறாராம்.

"ஆறு மாசம் போய்ட்டு வந்து அடுத்த வருஷம் சேர்றேங்கண்ணா" என்றான்.

அப்படிச் சொல்லிவிட்டுப் போய்த் திரும்பி வந்து சேர்ந்தவன் எவனையும் நான் பார்த்ததில்லை. அதைச் சொல்லவில்லை. அவன் அக்காவும் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவளுக்குச் சாதிச் சான்று எடுக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. விண்ணப்பம் போட்ட நாளில் அது கையில் இல்லாமல் பிறகுதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். தம்பிக்கு அக்காவின் சான்றை இணைத்ததால் பிளஸ் டூ முடிப்பதற்குள்ளேயே வந்துவிட்டது. வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, ஆதார் இணைப்பு, அவன் பேருக்கே ஒரு சிம். எல்லாம் அந்தக் கவரில் இருந்தது. ஓ.டி.பி. அவன் கையிலேயே வந்து விழுந்தது.

மொத்தமும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. முதல் விருப்பமாக என்ன போடுவது என்று கேட்டேன். அவன் அக்காவைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கணக்கு போடுங்கண்ணா" என்றான். "ரிக்குக்கும் சொல்லி வச்சிருக்கேன். எது முதல்ல கூப்பிடுதோ பார்ப்போம்."

ரேங்க் லிஸ்ட் வர எத்தனை நாளாகும் என்று கேட்டுவிட்டு, இரண்டு ரூபாயை அவனே ஜிபேயில் போட்டான்.